சிங்கூரும் ஒரகடமும்: மேற்கு வங்க இடதுசாரி ஆட்சியின் சீர்திருத்தங்கள், 1977–2011

மேற்கு வங்கத்தில் 1977 ஜூன் 21 அன்று பதவியேற்ற, மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி தலைமையிலான இடதுசாரி முன்னணி, 2011 மே மாதம் வரை 34 ஆண்டுகள் இடைவெளியின்றி ஆட்சி செய்தது. தேர்தல் மூலம் ஆட்சிக்கு வந்த கம்யூனிஸ்ட் கட்சி ஒன்று ஏழு சட்டமன்றத் தேர்தல்களில் தொடர்ந்து வென்றதற்கு உலகில் வேறு எடுத்துக்காட்டு இல்லை. ஜோதி பாசு 23 ஆண்டுகளும், அவருக்குப் பின் 2000 நவம்பரில் பொறுப்பேற்ற புத்ததேவ் பட்டாச்சார்யா பத்தரை ஆண்டுகளும் முதலமைச்சர்களாக இருந்தனர். இந்த ஆட்சி இரண்டு முறை பெரிய சீர்திருத்தங்களில் இறங்கியது. முதல் முறை நிலத்திலும் ஊராட்சியிலும் கைவைத்து வேரூன்றியது. இரண்டாம் முறை தொழிலைக் கொண்டுவர முயன்று வேரோடு சாய்ந்தது. இரண்டாவதைச் சாய்த்தது முதலாவதன் வெற்றியே என்பதுதான் இந்த வரலாற்றின் முடிச்சு. அதே ஆண்டுகளில் தமிழ்நாட்டில் ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் வட்டாரம் வயல்வெளியிலிருந்து தொழிற்பேட்டையாக மாறியது. வங்கத்தில் நடக்காமல் போனது எது என்பதைக் காண அந்த வட்டாரம் நல்ல ஒப்பீடு.

மாநில அரசு இறையாண்மை கொண்ட அரசல்ல. மேற்கு வங்க அரசால் நாணயம் அச்சிட முடியாது. இறக்குமதி வரி விதிக்க முடியாது. 1991 வரை ஒரு பெரிய ஆலைக்கு உரிமம் வழங்கவும் முடியாது. ஆலை எங்கே அமையவேண்டும் என்பதை டெல்லி முடிவு செய்தது. 1950களில் கொண்டுவரப்பட்ட சரக்குக் கட்டணச் சமன் கொள்கை, எஃகுக்கு நாடெங்கும் ஒரே விலை வைத்து, சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் அருகில் இருப்பதால் கிழக்கு மாநிலங்களுக்குக் கிடைத்திருக்கவேண்டிய சாதகத்தைப் பறித்தது. சென்னையிலோ மும்பையிலோ இயந்திரத் தொழில் நடத்துபவருக்கு அது மறைமுக மானியம். டெல்லி நம்மை வஞ்சிக்கிறது என்று ஜோதி பாசு மேடைதோறும் சொன்னதில் உண்மை இருந்தது. ஹால்தியா பெட்ரோகெமிக்கல்ஸ் திட்டம் இதற்குச் சான்று. 1970களின் இறுதியில் பேசத் தொடங்கி, 1989இல் ராஜீவ் காந்தி அடிக்கல் நாட்டி, ஆலை இயங்க 2000 ஆகிவிட்டது. ஆனால் வஞ்சனை என்ற வாதம் வசதியான ஒரு போர்வையாகவும் இருந்தது. தன் வீட்டுக் குறைகளை அதனடியில் மறைத்துவைக்கக் கட்சிக்கு நெடுங்காலம் முடிந்தது.

முதல் சீர்திருத்தம் 1978இல் தொடங்கியது. வங்கத்தில் வாரத்துக்குப் பயிரிடுபவரை ‘பர்காதார்’ என்பார்கள். நில உடைமையாளர் நினைத்தால் அடுத்த பருவத்தில் வேறொருவருக்கு நிலத்தைக் கொடுத்துவிடலாம். சட்டத்தில் பாதுகாப்பு இருந்தும் பதிவேட்டில் பெயர் இல்லாதவருக்கு அது ஏட்டுச் சுரைக்காய். நிலச் சீர்திருத்த அமைச்சர் பினய் சௌத்ரியின் காலத்தில் நடந்த ‘ஆபரேஷன் பர்கா’ இந்த ஓட்டையைத்தான் அடைத்தது. அதிகாரிகள் ஊருக்குள் சென்று தங்கி, மாலையில் குடியானவர்களைக் கூட்டி, யார் எந்த நிலத்தில் பயிரிடுகிறார் என்பதை எல்லார் முன்னிலையிலும் கேட்டு எழுதினர். நிலக்கிழாரின் வீட்டுத் திண்ணையில் நடந்துவந்த விசாரணை ஊர்ப் பொதுவிடத்துக்கு வந்தது. மாற்றத்தின் பாதி அதிலேயே அடங்கியிருந்தது. ஏறத்தாழ 14 லட்சம் பேர் பதிவாயினர். இடுபொருள் செலவு தம்முடையதானால் விளைச்சலில் முக்கால் பங்கு அவர்களுக்கு. வெளியேற்ற முடியாத, பிள்ளைகளுக்கும் தொடரும் பயிரிடும் உரிமை. இதனுடன் உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலம் 10 லட்சம் ஏக்கருக்கு மேல் ஏழைக் குடும்பங்களுக்குப் பிரித்துத் தரப்பட்டது. 1980களில் ஆழ்குழாய்க் கிணறுகளும் கோடைப் பட்ட நெல்லும் சேர்ந்துகொள்ள, விளைச்சல் வேகமாக உயர்ந்தது. நெல் உற்பத்தியில் வங்கம் நாட்டின் முன்வரிசைக்கு வந்தது.

அதே 1978 ஜூனில் மூன்றடுக்கு ஊராட்சிகளுக்குக் கட்சிச் சின்னத்தில் நேரடித் தேர்தல் நடந்தது. அரசியல் சட்டத்தின் 73ஆம் திருத்தம் வருவதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே நடந்த அரசியல் சீர்திருத்தம் இது. தமிழ்நாட்டில் உள்ளாட்சித் தேர்தல்கள் பல ஆண்டுகள் தள்ளிப்போடப்பட்டுவந்த காலத்தில், வங்கத்தில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தவறாமல் நடந்தன. பள்ளி ஆசிரியர்களும் சிறு உழவர்களும் ஊராட்சித் தலைவர்களாயினர்.

இந்தச் சாதனைக்குள்ளேயே ஒரு கோளாறு முளைவிட்டது. ஊராட்சி நிதி யாருக்கு, கடன் யாருக்கு, தொடக்கப் பள்ளியில் வேலை யாருக்கு, வரப்புச் சண்டையில் தீர்ப்பு என்ன, மகளின் திருமணத் தகராறில் யார் தலையிடுவது என்பவை யாவும் கட்சியின் வட்டாரக் குழு அலுவலகத்தில் முடிவாயின. அரசியலறிஞர் த்வைபாயன் பட்டாச்சார்யா இதற்குக் ‘கட்சிச் சமூகம்’ என்று பெயரிட்டார். சாதிச் சங்கம், கோயில் நிர்வாகம், ரசிகர் மன்றம், சுயஉதவிக் குழு என்று தமிழ்நாட்டு ஊரில் பல இடங்களில் சிதறிக் கிடக்கும் செல்வாக்கு, வங்க ஊரில் ஒரே வாசலில் குவிந்தது. எதிர்க்கட்சிக்காரராக வாழ்வது வாக்குச்சீட்டோடு முடிகிற சங்கதியாக இல்லை. மீன்குட்டைக் குத்தகையும் அறுவடைக்கு ஆளும் கிடைக்காமல் போகலாம். 2003 ஊராட்சித் தேர்தலில் கணிசமான இடங்கள் போட்டியே இல்லாமல் நிரம்பின. கட்சி இதை உணராமல் இல்லை. அதிகார மமதை, ஊழல், ஒப்பந்ததாரர்களுடன் கூட்டு ஆகியவற்றைக் களையக் கோரும் நெறிப்படுத்தும் ஆவணங்களை மார்க்சிஸ்ட் கட்சியின் மத்தியக் குழு 1996இலும் 2009இலும் வெளியிட்டது. ஆவணங்கள் நன்றாகவே எழுதப்பட்டிருந்தன. வட்டாரக் குழு அவற்றைப் படித்துவிட்டுத் தன் வழக்கப்படி நடந்தது.

நகரத்தின் கதை வேறு. 1967, 1969 ஐக்கிய முன்னணி அரசுகளின் காலத்திலேயே ‘கெராவ்’ என்ற முற்றுகைப் போராட்டம் முதலாளிகளைக் கலங்கடித்தது. பின்னர் கதவடைப்பு, மின்வெட்டு, வேலைநிறுத்தம் என்று தொடர்ந்து, ஹூக்ளி ஆற்றின் இரு கரைகளிலும் சணல் ஆலைகளும் இயந்திரத் தொழிற்சாலைகளும் நோய்ப்பட்டன. போராட்டங்களைவிடக் கதவடைப்புகளே பிற்காலத்தில் அதிக மனித நாள்களை விழுங்கின என்றாலும், வெளியே பரவிய பெயர் கெராவின் பெயர்தான். தொடக்கப் பள்ளிகளில் ஆங்கிலத்தை நீக்கியதும், கணினிக்கு எதிரான தொழிற்சங்கப் போராட்டங்களும் நடுத்தர வர்க்கப் பிள்ளைகளை பெங்களூருக்கும் புனேக்கும் ரயிலேற்றிவிட்டன. ஆங்கிலம் பின்னர் திரும்பி வந்தது. போன பிள்ளைகள் வரவில்லை.

ஒரு நிறுவனத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் படம் தெளிவாகிறது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் ஹூக்ளி மாவட்டம் உத்தர்பாராவில் 1950களின் இறுதி முதல் அம்பாசிடர் காரைத் தயாரித்துவந்தது. அந்த வளாகமே ஒரு சிற்றூர். மிட்சுபிஷியுடன் சேர்ந்து லான்சர் என்ற நவீன காரைத் தயாரிக்கும் வாய்ப்பு வந்தபோது, நிறுவனம் தான் வேரூன்றிய மண்ணில் அதைச் செய்யவில்லை. சென்னைக்கு மேற்கே திருவள்ளூரில் புதிய ஆலை கட்டியது. 1998இல் திருவள்ளூரில் லான்சர் ஓடத் தொடங்கியது. உத்தர்பாராவில் 2014 மே மாதம் அம்பாசிடர் உற்பத்தி நின்றது. வங்கத்து முதலாளியே வங்கத்தை விட்டுப் போனார் என்பதைவிட வலுவான விளம்பரம் வேறு மாநிலங்களுக்குத் தேவைப்படவில்லை.

1991 எல்லாவற்றையும் புரட்டிப்போட்டது. மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்த மாதம் நரசிம்ம ராவ் அரசு அமைந்தது. ஜூலை 24 அன்று வெளியான தொழிற்கொள்கை பெரும்பாலான தொழில்களுக்கு உரிமம் வேண்டாம் என்றது. டிசம்பர் 25 அன்று கோர்பச்சேவ் பதவி விலக, சோவியத் ஒன்றியம் மறைந்தது. அந்தச் சரிவு இந்தியாவுக்கு வெறும் சித்தாந்தச் செய்தி அல்ல. ரூபாயில் வாங்கி ரூபாயில் விற்ற சோவியத் சந்தை தோலுக்கும் தேயிலைக்கும் பின்னலாடைக்கும் பெரிய ஆதாரமாக இருந்தது. அது கையைவிட்டுப் போனது அந்நியச் செலாவணி நெருக்கடியைக் கூட்டியது. சோவியத் ஒன்றியம் மறைந்த சில நாள்களிலேயே, 1992 ஜனவரி முதல் வாரத்தில், மார்க்சிஸ்ட் கட்சியின் 14ஆவது மாநாடு சென்னையில் கூடியது. சோசலிசத்தில் கோளாறு இல்லை, அதைக் கட்டியவர்களின் பிழைகளும் திரிபுகளுமே வீழ்ச்சிக்குக் காரணம் என்ற தீர்மானத்தை அது நிறைவேற்றியது. இ.எம்.எஸ். நம்பூதிரிபாடுக்குப் பின் ஹர்கிஷன் சிங் சுர்ஜித் பொதுச்செயலாளரானதும் இங்கேதான். உலகின் பல கம்யூனிஸ்ட் கட்சிகள் பெயரையே மாற்றிக்கொண்ட நேரத்தில் இந்தக் கட்சி கலையாமல் நின்றது. ஒரு மாநிலத்தின் ஆட்சி கையில் இருந்ததே அதற்குப் பாதிக் காரணம் எனலாம்.

உரிமமும் சரக்குக் கட்டணச் சமனும் போனபின் டெல்லியைக் குறைசொல்லும் வாதம் தேய்ந்தது. 1994 செப்டம்பரில் ஜோதி பாசு புதிய தொழிற்கொள்கையைச் சட்டமன்றத்தில் வைத்தார். அந்நிய மூலதனமும் தனியார் முதலீடும் இருதரப்புக்கும் நன்மை தரும் வகையில் வரவேற்கப்படும் என்றது அது. மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்தின் தலைவராக சோம்நாத் சட்டர்ஜி பொறுப்பேற்று ஒப்பந்தம் மேல் ஒப்பந்தமாகக் கையெழுத்திட்டார். தாள்களில் இருந்த முதலீட்டில் பெரும்பகுதி தரையிறங்கவில்லை. கட்சி டெல்லியில் தாராளமயத்தை எதிர்த்து நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தும். அதன் முதலமைச்சர் மறுநாள் வெளிநாட்டு முதலீட்டாளரைச் சந்திப்பார். எந்தக் குரலை நம்புவது என்று முதலீட்டாளருக்குப் புரியவில்லை. 2008இல் புத்ததேவ் தாம் பந்த்துகளுக்கு எதிரானவர் என்று தொழிலதிபர்கள் கூட்டத்தில் வெளிப்படையாகப் பேச, கட்சித் தலைமை அவரைக் கண்டித்தது.

தமிழ்நாட்டில் அந்த இரட்டைக் குரல் இல்லை. 1971இல் தொடங்கிய சிப்காட் என்ற அரசு நிறுவனம் நிலத்தை எடுத்து, சாலையும் தண்ணீரும் போட்டு, மனைகளாகப் பிரித்து நிறுவனங்களுக்குக் கொடுக்கும் வேலையை நெடுநாளாகச் செய்துவந்தது. 1996இல் ஹூண்டாய் இந்தியாவில் நிறுவனத்தைப் பதிந்து இருங்காட்டுக்கோட்டையைத் தேர்ந்தெடுத்தது. 1998இல் சான்ட்ரோ வெளிவந்தது. 2000இல் செயின்ட் கோபெய்ன் கண்ணாடி ஆலை. நோக்கியாவுடன் 2005இல் ஒப்பந்தம் செய்தது ஜெயலலிதா அரசு. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை திறந்தபோது முதலமைச்சர் கருணாநிதி. மேடையில் எலியும் பூனையுமாக இருந்த இரு கட்சிகளும் சிப்காட் கோப்புகளில் மட்டும் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் தொடர்ந்தனர். இவற்றோடு டெய்ம்லர் லாரி ஆலை, ராயல் என்ஃபீல்டு, அப்பல்லோ டயர்ஸ் என்று ஒரகடமும் வல்லம் வடகாலும் நிரம்பின. துறைமுகங்கள் அருகில், பெங்களூர் நெடுஞ்சாலை வாசலில், ஐடிஐயும் பாலிடெக்னிக்கும் முடித்த இளைஞர்கள் சுற்று மாவட்டங்களெங்கும்.

நிலத்தின் தன்மையும் உதவியது. பழைய செங்கல்பட்டு மாவட்டம் ஏரிப்பாசனப் பூமி. ஏரி நிரம்பினால் ஒரு போகம், பொய்த்தால் அதுவும் இல்லை. கணிசமான நிலம் மேய்ச்சலும் புறம்போக்குமாக இருந்தது. ஹூக்ளிப் படுகையில் நெல், உருளைக்கிழங்கு, காய்கறி என்று மாறிமாறி விளையும் வண்டல் மண்ணோடு இதை ஒப்பிட முடியாது. இன்னொரு வேறுபாடும் உண்டு. வங்கத்தில் நடந்ததைப் போன்ற குத்தகைப் பதிவு இயக்கம் தமிழ்நாட்டில் நடக்கவில்லை. 1969இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தும் வாய்மொழிக் குத்தகைகளே மிகுதி. ஆகவே பட்டாதாரர் கையெழுத்திட்டால் காரியம் முடிந்தது. அந்த நிலத்தில் வேலை செய்தவரைக் கேட்கவேண்டிய கட்டாயம் யாருக்கும் இருக்கவில்லை. தமிழ்நாட்டின் ‘சுமுகம்’ என்று புகழப்படுவதில் ஒரு பகுதி, இழந்தவர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லாததால் வந்த அமைதி.

2006 மே தேர்தலில் புத்ததேவ் 294 இடங்களில் 235ஐ வென்றார். வேளாண்மை எங்கள் அடித்தளம், தொழில் எங்கள் எதிர்காலம் என்பது முழக்கம். பதவியேற்ற மே 18 அன்றே ரத்தன் டாடாவை அருகில் வைத்துக்கொண்டு ஒரு லட்ச ரூபாய் கார் ஆலையை அறிவித்தார். இடம் சிங்கூர், கொல்கத்தாவிலிருந்து துர்காபூர் விரைவுச்சாலையில் ஒரு மணி நேரப் பயணத்துக்குள். 997 ஏக்கர் 1894ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காலச் சட்டத்தின்படி எடுக்கப்பட்டது.

அந்த 997 ஏக்கருக்குப் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட உரிமையாளர்கள். ஒருவருக்குப் பத்து சென்ட்டும் தேறாது. பெரும்பாலோர் காசோலையை வாங்கிக்கொண்டனர். ஏறத்தாழ 400 ஏக்கருக்கு உரியவர்கள் வாங்க மறுத்தனர். ஏன் என்பதைப் பின்னாளில் பொருளியலாளர்கள் வீடுவீடாகச் சென்று ஆராய்ந்தபோது தெரிந்தது, பெரும்பாலும் பதிவேட்டுச் சங்கதி. ‘ஷாலி’ என்பது ஒருபோகத் தாழ்நிலம்; ‘சுனா’ என்பது பலபோக மேட்டுநிலம். சுனாவுக்கு இழப்பீடு அதிகம். அரசின் கையில் இருந்த பதிவேடு பல பத்தாண்டுகள் பழையது. இடையில் உழவர்கள் சொந்தச் செலவில் ஆழ்குழாய் இறக்கி ஷாலியைப் பலபோக நிலமாக மாற்றியிருந்தனர். ஏட்டில் அது ஷாலியாகவே கிடந்தது. அப்படித் தாழ்த்தி மதிப்பிடப்பட்டவர்கள்தாம் அதிக அளவில் மறுத்தனர். பதிவு பெற்ற வாரக் குடிகளுக்கு நிலவிலையில் கால் பங்கு கிடைத்தது. பதிவு பெறாதவர்களுக்கும் கூலியாள்களுக்கும் ஒன்றுமில்லை. ஊர் ஊராகச் சென்று வாரக் குடிகளைப் பதிவு செய்து புகழ்பெற்ற அதே கட்சி, இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, அந்தப் பதிவேட்டைப் புதுப்பிக்கத் தவறியதால் தோற்றது. புத்ததேவின் தனிப்பட்ட நேர்மையை எதிரிகளும் ஐயுறவில்லை. நிர்வாகம் என்ற முறையில் இது மன்னிக்கத்தக்க பிழையல்ல.

வேலிக்கம்பி போலீஸ் காவலுடன் போடப்பட்டது. 2006 டிசம்பரில் திரிணாமூல் காங்கிரஸ் தலைவர் மம்தா பானர்ஜி 25 நாள் உண்ணாவிரதம் இருந்தார். 2008 செப்டம்பரில் ஆலை வாசலில் முற்றுகை நடந்தபோது, ஆளுநர் கோபாலகிருஷ்ண காந்தி, ராஜாஜியின் மகள்வழிப் பேரன், இரு தரப்பையும் ஒரே மேசையில் அமர்த்திப் பார்த்தார். அக்டோபர் 3 அன்று டாடா வெளியேறுவதாக அறிவித்து, குஜராத்தின் சானந்துக்குப் போனார்.

நந்திகிராம் இதைவிடக் கொடியது. இந்தோனேசியாவின் சலீம் குழுமத்துக்கு ரசாயனத் தொழில் மண்டலம் அமைக்க நிலம் எடுக்கப்படும் என்ற அறிவிப்பு 2007 ஜனவரியில் வந்ததும் ஊர் மக்கள் சாலைகளை வெட்டி அரசை உள்ளே விடாமல் தடுத்தனர். மார்ச் 14 அன்று போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 14 பேர் இறந்தனர். திட்டம் கைவிடப்பட்ட பிறகும், நவம்பரில் கட்சி ஊழியர்கள் ஆயுதங்களுடன் ஊர்களை ‘மீட்டனர்’. அரசின் வேலை எங்கே முடிகிறது, கட்சியின் வேலை எங்கே தொடங்குகிறது என்று எவராலும் பிரித்துச் சொல்ல முடியாத நிலை அப்போது வெட்டவெளிச்சமானது. கொல்கத்தாவின் எழுத்தாளர்களும் திரைக்கலைஞர்களும், அதுவரை கட்சியின் இயல்பான நண்பர்களாக இருந்தவர்கள், தெருவில் இறங்கி ஊர்வலம் போயினர். 2008 ஊராட்சித் தேர்தலில் பின்னடைவு. 2009 மக்களவைத் தேர்தலில் 42இல் 15 இடங்கள். 2011இல் சட்டமன்றத்தில் 62. யாதவ்பூர் தொகுதியில் புத்ததேவைத் தோற்கடித்தவர், அவருடைய அரசிலேயே தலைமைச் செயலராக இருந்த மணிஷ் குப்தா.

பிற கம்யூனிஸ்ட் ஆட்சிகளின் சீர்திருத்தங்களோடு இதை ஒப்பிடலாம். சோவியத் ஒன்றியத்தில் கோர்பச்சேவ் 1987இல் அரசு நிறுவனச் சட்டம், 1988இல் கூட்டுறவுச் சட்டம், 1989இல் போட்டித் தேர்தல் என்று பொருளாதாரத்தையும் அரசியலையும் ஒருசேரத் தளர்த்தினார். கடையில் ரொட்டி கிடைக்குமுன்பே பேச்சுரிமை கிடைத்தது. அந்தப் பேச்சு ஆட்சியையே கரைத்தது. சீனா 1978 டிசம்பருக்குப் பின் பொருளாதாரத்தைத் திறந்து அரசியலைப் பூட்டியது. வியட்நாம் 1986இல் ‘தோய் மோய்’ என்று அதே வழியில் சென்றது. வங்கக் கட்சி மனத்தளவில் பின்பற்றியது சீன வழியை. கட்சியின் பிடி தளராது. தொழில் மட்டும் வரும். அந்த வழி சீனாவில் செல்லுபடியானதற்கு ஒரு காரணம், நிலம் அங்கே உழவருக்குச் சொந்தமல்ல. நகர நிலம் அரசுடையது, ஊர் நிலம் கூட்டுடைமை. குடும்பத்துக்குக் கிடைத்தது பயன்படுத்தும் உரிமை மட்டும். உள்ளூர் அதிகாரி நினைத்தால் வயலைத் தொழிற்பேட்டையாக்கலாம், எதிர்ப்பவருக்கு வாக்குச்சீட்டும் இல்லை. வங்கத்திலோ கட்சியே உழவரை உரிமைக்காரராக்கியிருந்தது. அவர்கள் கையில் வாக்கும் இருந்தது, பின்னால் உச்ச நீதிமன்றமும் இருந்தது. கேரளக் கம்யூனிஸ்டுகள் 1957 முதல் வெல்வதும் தோற்பதுமாகப் பழகியவர்கள். ஐந்தாண்டுக்கு ஒருமுறை கட்சி தன் அழுக்கைக் கழுவிக்கொள்ள வாக்காளர் வாய்ப்பளித்தனர். வங்கக் கட்சிக்கு 34 ஆண்டுகள் அந்த மருந்து கிடைக்கவில்லை. ஊராட்சிகளைக் கட்சியின் பிடியிலிருந்து விடுவித்து, நந்திகிராம ஊராட்சியே பேச்சுவார்த்தை நடத்தட்டும் என்று 2006க்கு முன் சொல்லியிருந்தால் ஆலை தாமதமாகியிருக்கும், துப்பாக்கி வந்திருக்காது.

பின்விளைவுகள் இன்னும் முடியவில்லை. 2016 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றம் சிங்கூர் நிலமெடுப்பு செல்லாது என்று தீர்ப்பளித்து நிலத்தைத் திருப்பித்தரச் சொன்னது. 2023 அக்டோபரில் நடுவர் தீர்ப்பாயம் டாடா மோட்டார்ஸுக்கு 765.78 கோடி ரூபாயும் வட்டியும் தர மாநிலத் தொழில் வளர்ச்சிக் கழகத்துக்கு உத்தரவிட்டது. அரிசியும் இல்லை, காரும் இல்லை, அபராதம் மட்டும் மிச்சம். 2021 சட்டமன்றத் தேர்தலில் இடதுசாரிகளுக்கு ஓர் இடமும் கிடைக்கவில்லை.

சிங்கூரும் நந்திகிராமும் நாட்டுக்குத் தந்தது 2013ஆம் ஆண்டின் நிலமெடுப்புச் சட்டம். தனியார் திட்டங்களுக்கு 80 விழுக்காட்டினரின் ஒப்புதல், சமூகத் தாக்க மதிப்பீடு, மறுவாழ்வு ஆகியவற்றை அது கட்டாயமாக்கியது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் அந்தச் சட்டம் முழுமையாக நடைமுறையில் இல்லை என்பது பலருக்குத் தெரியாது. சிப்காட்டுக்கு நிலமெடுக்கத் தமிழ்நாட்டுக்கு 1997ஆம் ஆண்டின் தனிச் சட்டம் உண்டு. புதிய மத்தியச் சட்டத்திலிருந்து அதற்கு விலக்குப் பெற்றது மாநில அரசு. இழப்பீட்டுக் கணக்கு மட்டும் மத்தியச் சட்டப்படி. ஒப்புதலும் தாக்க மதிப்பீடும் இல்லை. 2019இல் சென்னை உயர் நீதிமன்றம் இந்த விலக்கு செல்லாது என்றது. சில வாரங்களிலேயே சட்டமன்றம் புதுச் சட்டம் இயற்றி மீட்டுக்கொண்டது; 2021இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற வேறுபாடில்லாமல் அந்தச் சட்டம் பேணப்படுகிறது.

நிலத்தில் அடங்கிய குரல் ஆலைக்குள் கேட்கிறது. இந்த வட்டாரத்தில் பர்மனென்ட், டிரெய்னி, காண்ட்ராக்ட் என்று ஒரே வரிசையில் மூன்று ஊதியத்தில் நின்று வேலை செய்கிறார்கள். ஒருவரை ஒருவர் சீருடையை வைத்தே இனம் காண்பார்கள். 2014 நவம்பரில் நோக்கியா ஆலை மூடுவதற்குள் ஆயிரக்கணக்கானோர் வேலையற்றுப் போயினர். 2021 டிசம்பரில் விடுதி உணவால் நோய்வாய்ப்பட்ட சக தொழிலாளர்களுக்காக ஃபாக்ஸ்கான் பெண்கள் பெங்களூர் நெடுஞ்சாலையை மறித்தனர். 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலைச் சட்டத்திருத்தம், கூட்டணியில் இருந்த இடதுசாரிகள் உள்ளிட்டோர் எதிர்த்ததால் மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. 2024 செப்டம்பர் 9 முதல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். முதன்மைக் கோரிக்கை ஊதியமல்ல, மார்க்சிஸ்ட் கட்சியின் தொழிற்சங்கமான சிஐடியு சார்ந்த சங்கத்துக்கு அங்கீகாரம். உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. ஆட்சியில் இருந்த மாநிலத்தில் ஆலை இல்லாமல் போன செங்கொடி, ஆட்சியில் இல்லாத மாநிலத்தில் ஆலை வாசலில் நிற்கிறது. கம்யூனிஸ்ட் வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் 2025 ஆகஸ்டில் தூத்துக்குடியில் கார் ஆலையைத் திறந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

வங்கத்தின் பிழை மீண்டும் நேருமா என்பதற்கான சோதனை இப்போது ஒரகடத்துக்கு அருகிலேயே நடக்கிறது. 2022 ஆகஸ்டில் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்குப் பரந்தூர் தேர்ந்தெடுக்கப்பட்டது முதல், ஏகனாபுரம் மக்கள் கிராமசபைதோறும் எதிர்ப்புத் தீர்மானம் போட்டு வருகிறார்கள். இங்குள்ளது வானம் பார்த்த தரிசல்ல. ஏரியும் வாய்க்காலும் நன்செயுமாக இருக்கும் ஊர். யார் பயிரிடுகிறார், எத்தனை போகம், குத்தகைக்கு எடுத்தவர் யார், கூலிக்குப் போகிறவர் யார் என்பதை முதலில் ஊர்க்கூட்டத்தில் எழுதி முடித்துவிட்டு, அதன் பிறகே நில மதிப்பைப் பேசவேண்டும். 1978இல் வங்க அதிகாரிகள் செய்தது அதுதான். 2006இல் செய்யாமல் விட்டதும் அதுதான்.